இருபது ஹெச்.பி. தோல்வி

ஆமை தோற்றுவிட்டான்.

ஆறு கடக்கும் பந்தயத்தில், பழைய எட்டு ஹெச்.பி. படகு மோட்டாரோடு ராக்கெட் என்கிற படகுக்காரனிடம் தோற்றிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அது தினசரி நடப்பதுதான், அதனால்தானே அந்தப் பட்டப்பெயர். இன்றைக்குத் தோற்றது, காலையில் மாட்டிய புத்தம்புது இருபது ஹெச்.பி.யோடு!

படகுத்துறையில் நின்ற மெக்கானிக் அக்காவுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது.

ஏறாதா பின்னே? மூன்று நாள் வேலை. சின்னப் படகில் பெரிய மோட்டாரை அப்படியே மாட்டினால் பின்பலகை பிய்த்துக்கொண்டு வரும். படகின் மூக்கு வானத்தைப் பார்க்கும். அவள் இரண்டாவது பலகை வைத்து, எட்டு போல்ட் முறுக்கி, பெட்ரோல் டேங்கை முன்னால் தள்ளி, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பக்குவத்தில் செய்திருந்தாள்.

அதோடு, கரையில் நின்ற மற்ற நாலு படகுக்காரர்களும் வாக்குக் கொடுத்திருந்தார்கள். "ஆமை இன்னிக்கு ராக்கெட்டை முந்திட்டான்னா, எங்க மோட்டாரும் உங்க கையிலதான் அக்கா."

கடை திறந்து நாலு மாதத்தில் வந்த உருப்படியான வேலை இது ஒன்றுதான்.

"விர்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ்!" ஒருவன் மோட்டார் மாதிரியே கத்திக் காட்டினான்.

"பாதி ஆறு வரைக்கும் சமமாத்தானேய்யா வந்தான்? கை தட்டலாம்னு ரெண்டு கையையும் தூக்கிட்டேன். அப்படியே அந்தரத்துல நிக்குது!"

"நடு ஆத்துல மோட்டாருக்குத் தூக்கம் வந்துடுச்சு போல."

ராக்கெட் பயணிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, ஆமை சாவகாசமாக வந்து சேர்ந்தான். கயிறு கட்டுவதற்குள் அக்கா படகில் குதித்துவிட்டாள்.

"எழுந்திரிக்காதே, உக்காரு! நடுவுல என்ன சத்தம் வந்துச்சு?"

"ஒரு சத்தமும் வரலக்கா."

மூடியைத் தூக்கினாள். பிளக் பளபளவென்று இருந்தது. பெட்ரோல் குழாய் இறுக்கமாக இருந்தது. கயிற்றை ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். மோட்டார் சமர்த்தாக உறுமியது.

"நல்லாத்தானே இருக்கு! அப்புறம் ஏண்டா மெதுவாச்சு?"

"நான்தான் குறைச்சேன்."

அக்காவின் கையில் ஸ்பேனர் இருந்ததை ஆமை அப்போதுதான் கவனித்தான்.

"குறைச்சியா? நாலு மோட்டார் வேலைடா! என் கடைடா!"

"மெல்லப் பேசுக்கா. பக்கத்துல போனப்ப ராக்கெட் பேசினது காதுல விழுந்துச்சு. 'இந்த ஆத்துல என்னை முந்தினவன் கிடையாது சார்'னு ஒருத்தர்கிட்ட அளந்துக்கிட்டு இருந்தான்."

"அப்ப முந்தி, மூக்கை உடைச்சிருக்கணும்!"

"உடைக்கத்தான் போனேன். பார்த்தா, அந்த சார் பொண்ணோட அப்பா."

"எந்தப் பொண்ணு?"

"கட்டினா அவளைத்தான்னு மூணு வருஷமா ஒத்தக் கால்ல நிக்கறானே, அவதான். அவன் எப்படின்னு நேத்து என்கிட்டயே விசாரிச்சாரு. இன்னிக்கு நேர்லயே பார்க்க வந்திருக்காரு." ஆமை குரலைத் தாழ்த்தினான். "என்னைப் பக்கத்துல பார்த்ததும் ராக்கெட் உயிரைக் குடுத்து மோட்டார் பிடியை முறுக்கினான்க்கா. அதுக்கு மேல எனக்கு மனசு வரல."

அக்கா ஸ்பேனரைக் கீழே வைத்தாள். மோட்டார் மூடியைத் திரும்ப மாட்டினாள்.

அதற்குள் ராக்கெட்டே வந்துவிட்டான், வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு. சும்மா வரவில்லை, ஊருக்கே கேட்கிற குரலோடு வந்தான்.

"என்னக்கா, மோட்டார் மாட்டச் சொன்னா மிக்ஸியை மாட்டிட்டீங்களா?"

நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே ராக்கெட்டின் தோளில் கை போட்டார்.

எல்லோரும் அக்காவின் வாயையே பார்த்தார்கள். அந்த வாய்க்குப் படகுத்துறையே பயப்படும். பதில் இல்லாமலா? நாக்கு நுனியில் ஒன்பது பதில் வரிசை கட்டி நின்றது.

அக்கா கையைத் துணியில் நிதானமாகத் துடைத்துக்கொண்டாள்.

"பிளக்கை நான்தான் சரியா மாட்டலப்பா" என்றாள், நாலு பேர் காதிலும் நன்றாக விழுகிற மாதிரி. "சரியா மாட்டியிருந்தா மட்டும் உன்னை முந்திட முடியுமா, மாப்பிள்ளை?"