நார்பர்ட் குடிக்கும் ரூட் பீர்

"கடைசியில ஜெயிச்சிட்டே இர்மா! முப்பது வருஷமா உன் ரூட் பீரைத் தொடாத மனுஷன், இந்தக் கோடையில தினம் ஒரு குவளை காலி பண்றாராமே!"

காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடும் இர்மாவின் கடை வாசலில், வாடிக்கைக்காரர் ஆர்லன் காருக்குள்ளிருந்தே சிரித்தார். இர்மா தட்டைக் கார் ஜன்னலில் மாட்டினாள்.

விஸ்கான்சினின் அந்தச் சிற்றூரில் பிள்ளைகள் அவள் காய்ச்சும் ரூட் பீரைக் குடித்துத்தான் வளர்ந்தார்கள். பேரில்தான் பீர், போதை கிடையாது; வேரும் பட்டையும் பச்சிலையுமாக மணக்கும். அவள் புருஷன் நார்பர்ட் மட்டும் ஜெர்மனியில் பிறந்தவர். அந்த வாசனையே அவருக்கு ஆகாது.

"நிஜமாவே குடிக்கிறாரா, இல்ல செடிக்கு ஊத்துறாரா?"

"குடிக்கிறார். நல்லாருக்குன்னு சொல்றார்."

"அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?"

"அவர் சொல்ற 'நல்லாருக்கு' எனக்குப் போதாது, ஆர்லன்."

"அடிப்பாவி! பின்ன, பாட்டுப் பாடணுமா?"

இர்மா சிரிக்கவில்லை. தினமும் குவளையை நீட்டிவிட்டு அவர் முகத்தையே பார்த்து நிற்பாள். அவள் எதிர்பார்க்கும் ஒன்று மட்டும் அந்த முகத்தில் வருவதேயில்லை. இன்று பச்சிலையை இரண்டு மடங்காகப் போட்டுக் காய்ச்சியிருந்தாள்.

நார்பர்ட் சமையலறையிலிருந்து வந்தார். குவளையை வாங்கி ஒரு மடக்கு குடித்தார். மீசையில் நுரை. அப்படியே நின்றார். இர்மா மூச்சுவிட மறந்தாள்.

இன்னொரு மடக்கு.

திடீரென்று அவர் முகம் சுருங்கியது. ஓடிப்போய்ச் செடியோரம் துப்பினார்.

"சீ! என்ன கருமம் இது? மூட்டுவலித் தைலத்துல சோடாவை ஊத்தின மாதிரி! இதை மனுஷன் குடிப்பானா?"

"போச்சுடா!" ஆர்லன் தலையில் கை வைத்தார். "உன் மானமே போச்சு, இர்மா!"

இர்மா அத்தனை கார்களுக்கும் நடுவே ஓடி நார்பர்ட்டைக் கட்டிக்கொண்டாள். "இன்னொரு தடவை சொல்லு! சத்தமா சொல்லு!"

"தைலம்! நாத்தம் பிடிச்ச தைலம்!" நார்பர்ட் குவளையை உயரத் தூக்கிக் கத்தினார். அவர் கண்களில் நீர்.

"ரெண்டு பேருக்கும் பைத்தியமா?" என்றார் ஆர்லன்.

"தொண்டைப் புத்துக்குக் கதிர்வீச்சு வைத்தியம் பண்ணதிலிருந்து இவருக்கு உப்புன்னும் தெரியல, சர்க்கரைன்னும் தெரியல, ஆர்லன்" என்றாள் இர்மா, கண்ணைத் துடைக்காமலே. "ஏழு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் நாக்குக்கு உயிர் வந்திருக்கு!"