ட்யூப்லைட் பல்லியின் கதை

சினிமா கம்பெனி ஒன்றில் கதை கேட்கும் அறை. அங்கே ட்யூப்லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. அதனிடம் ஒரு கதை இருந்தது. முதல் சீனிலிருந்து கடைசி சீன்வரை மனப்பாடம்.

யாராவது வந்து கதை சொன்னால் பல்லிக்கு இருப்புக்கொள்ளாது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், என்கிட்ட ஒரு கதை..." என்று ஆரம்பிக்கும்.

கீழே இருப்பவர்களுக்கு அது வெறும் 'ச்சு ச்சு ச்சு'.

"பல்லியே சொல்லிடுச்சுய்யா! இந்தக் கதையையே பண்ணிடுவோம்" என்று தயாரிப்பாளர் எதிரே இருப்பவரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிடுவார்.

இப்படியே எத்தனையோ பேர் டைரக்டர் ஆகிவிட்டார்கள்.

ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். பல்லி, தயாரிப்பாளரின் காலி நாற்காலியைப் பார்த்துத் தன் கதையைச் சொல்லத் தொடங்கியது. கதாநாயகி ரயிலைத் தவறவிடும் இடம் வந்தபோது, காலண்டருக்குப் பின்னாலிருந்து இன்னொரு பல்லியின் குரல் கேட்டது.

அந்த அறையிலேயே இருந்து பழகிய தோஷம், அது என்ன சொல்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. "பல்லியே சொல்லிடுச்சு!" என்று ட்யூப்லைட் பல்லி துள்ளிக் குதித்தது.

காலண்டர் பல்லி தயங்கித் தயங்கித் தலையை வெளியே நீட்டி, மறுபடி ஆரம்பித்தது.

"சார், என்கிட்ட ஒரு கதை..."