கெட்டி ரப்பர்

அந்தக் கறுப்பு ரப்பர் துண்டைப் பட்டறை மேஜையில் ஓங்கி வைத்தேன். ஸ்பேனர்கள் குதித்து விழுந்தன.

"இதை என் வண்டியில மாட்டினது நீதானே?"

மச்சான் ரப்பரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் முகம் மாறிவிட்டது.

"கழட்டிட்டீங்களா அத்தான்?"

இவன் என் மனைவியின் தம்பி, மெக்கானிக். என் மகள் கல்யாணத்தில் சாப்பிடாமல் பாதியில் எழுந்து போனவன். எட்டு வருஷம் ஆகிறது. நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

நாலு மாதமாக என் கார், நின்றால் ஆடுகிறது. ஓடும்போது ஒன்றும் இல்லை. சிக்னலில் நின்றால் போதும், ஸ்டீயரிங் நடுங்கும், சீட் நடுங்கும், கண்ணாடியில் பின்னால் நிற்கிற வண்டி இரண்டாகத் தெரியும். என் பல் செட்டே கழன்று மடியில் விழுந்துவிடும் போலிருக்கும். மூன்று முறை இவனிடம் கொண்டுவந்தேன். பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று மூன்று முறையும் திருப்பி அனுப்பினான்.

இன்று காலை வேறு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். நன்றாக இருந்தன. காற்றுக் குழாய் எங்கேயாவது கசிகிறதா என்று தடவிப் பார்த்தார். இல்லை. கடைசியில் எஞ்சினைத் தாங்குகிற ரப்பரில் டார்ச் அடித்தவர், சிரித்துவிட்டார்.

"எஞ்சினோட ஆட்டம் உள்ள வராம இருக்கத்தான் இந்த ரப்பர். மெத்துனு இருக்கணும். இது கட்டை மாதிரி இருக்கு. தேஞ்சும் போகலை, புதுசு. யாரோ வேணும்னே மாட்டியிருக்காங்க பெரியவரே."

நல்ல மனுஷர். வாயைத் திறந்து சத்தமாகப் பேசுகிறார். இப்போதெல்லாம் வீட்டில் பேசுகிறவர்கள் முதற்கொண்டு, டிவியில் செய்தி வாசிக்கிறவர்கள் வரை எல்லாருமே வாய்க்குள் முனகுகிறார்கள்.

உடனே மாற்றச் சொன்னேன். மாற்றியதும் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. அப்படி ஒரு சுகம். கழற்றிய கட்டையை எடுத்துக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டேன்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா. நீதானே?"

"ஆமா அத்தான்."

இல்லை என்பான், அப்போது பிடித்துக்கொள்ளலாம் என்று வழி நெடுக யோசித்து வைத்த பேச்செல்லாம் வீணாகிவிட்டது. அதில் கோபம் இன்னும் ஏறியது.

பட்டறையில் இரண்டு பேர் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றே கத்தினேன். சொந்த அக்காள் புருஷன் வண்டியிலேயே கை வைக்கிற திருடன், உங்கள் வண்டியை என்ன செய்வான் என்று அவர்களையே கேட்டேன். போன வருஷம் ஸ்டார்ட்டர் மோட்டார் இரண்டு முறை போனதையும் விடவில்லை. அப்போது இவன் என்ன சொன்னான் தெரியுமா? ஓடுகிற எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் மோட்டாரின் பல்சக்கரம் தேய்ந்துவிடுமாம். ஓடுகிற வண்டியை எவனாவது ஸ்டார்ட் செய்வானா? முப்பத்தைந்து வருஷம் எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து பஸ் ஓட்டினவனிடம் சொல்கிற பேச்சா அது?

ஒருவர் எழுந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

மச்சான் அவரைத் தடுக்கவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என்னவோ சொன்னான்.

"முனகாதே. நிமிர்ந்து பேசு."

பக்கத்தில் வந்தான். "ஒரு மணி நேரம் இருங்க அத்தான். அந்த ரப்பரையே திரும்ப மாட்டித் தந்துடறேன்."

"உனக்கு வெட்கமே கிடையாதா?"

குனிந்து, விழுந்த ஸ்பேனர்களைப் பொறுக்கி மேஜையில் வைத்தான். "சரி. வீட்டுக்குப் போனதும் சாவியை மட்டும் அக்கா கையில கொடுத்துடுங்க."

என் வண்டிச் சாவியை நான் யாரிடம் கொடுப்பது என்று இவன் சொல்லித் தருகிறான். இனிமேல் என் வீட்டு வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டு, ரப்பரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் கார் ஷெட்டை ஒட்டிய அறையில் மகள் மதியத் தூக்கத்தில் இருந்தாள், பக்கத்தில் ஒன்றரை மாதக் குழந்தை. மழைச் சாரல் அடித்ததால் ஷெட்டுக் கதவை இழுத்து மூடினேன். சாவியை வண்டியிலேயே விட்டுவிடுவது என் வழக்கம். என் ஷெட்டுக்குள் எவன் வரப்போகிறான்?

சமையலறையில் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, ரப்பரை அவள் முன்னால் வைத்தேன்.

"உன் தம்பியோட லட்சணத்தைப் பாரு. நல்லவேளை, மாத்திட்டு வந்துட்டேன்."

கத்தியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள்.

தம்பியைச் சொன்னால் இவளுக்குப் பொறுக்காது. வரட்டும், இன்றைக்கு ஒரு முடிவு கட்டிவிடுகிறேன் என்று உட்கார்ந்திருந்தேன்.

இருமிக்கொண்டே திரும்பி வந்தாள். தோளில் குழந்தை வீறிட்டு அழுதது. பின்னால் மகள், அவளும் இருமிக்கொண்டு. மனைவியின் கையில் என் கார் சாவி.

என் முகத்துக்கு நேரே வந்து நின்று, அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்.

"ஷெட் பூராவும் புகை. அறைக்குள்ளயும் வந்துடுச்சு. எஞ்சினை நிறுத்தாம இறங்கி வந்திருக்கீங்க. இதோட மூணு தடவை. காதுல விழாதது உடம்புக்காவது தெரியட்டும்னு அந்த ரப்பரை மாட்டச் சொன்னது நான். உங்களுக்குக் காது போச்சுன்னு நாலு பேர் முன்னாடி சொல்லாம, திருடன்னு பேர் வாங்கிக்கிட்டது அவன்."