பூட்ஸுக்குள் இன்னொரு நாடு

“ரெண்டு பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்க இப்பவே கையைத் தூக்குங்க!”

நரித்தோல் தொப்பிக்காரரின் அதட்டலில், ஓரல் எல்லைச் சாவடியின் காலை வரிசை விறைத்துப்போனது. அவருக்கு ஒரு கையில் கோப்பு, மறு கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய குதிரைக்கறி. கண் அடிக்கடி சாவடிச் சுவர்க் கடிகாரத்துக்குப் போய் வந்தது.

வரிசையில் நின்ற ரௌஷனுக்கு வலது கால் மரத்தது. கஸாக் பாஸ்போர்ட் கையில் இருந்தது. சாவடி தாண்டி அந்தப் பக்கம் காட்டவேண்டிய ரஷ்ய பாஸ்போர்ட், அந்தக் கால் பூட்ஸுக்குள். இரண்டு இருப்பது தெரிந்தால் கஸாக் குடியுரிமை போகும். கூடவே பள்ளிக்கூட வேலையும்.

“இன்னைக்குப் புது மெஷின் வந்திருக்கு. பை, பூட்ஸ், பாவாடை மடிப்பு, எதுல ஒளிச்சாலும் காட்டிக்கொடுத்துடும். அப்புறம் அழுது பிரயோஜனமில்ல!”

“பொண்டாட்டி ரெண்டுன்னா காட்டுமாய்யா?” என்றார் டயர் வியாபாரி சபர்காலி.

யாரும் சிரிக்கவில்லை. முதலில் நழுவியவரும் சபர்காலிதான்.

“தாய்நாடுன்னா ஒண்ணுதான்யா இருக்க முடியும்! இப்ப திரும்பிப் போறவங்கள ஒண்ணும் பண்ணமாட்டேன். போங்க!”

ஒருவருக்கு அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்தது. இன்னொருவர் காரைப் பூட்ட மறந்திருந்தார். காரே இல்லாத இருவர் அவருக்குத் துணையாகப் போனார்கள். முப்பது பேர் நின்ற இடத்தில் பனியில் காலடித் தடம்தான் மிச்சம்.

கடைசியாக மிஞ்சிய ரௌஷனும் ஓரடி பின்வாங்கினாள். இன்று மதியம் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரன்பூர்க்கில் அம்மாவுக்கு இதய ஆபரேஷன். “நீ வந்து நின்னாத்தான்டி மேஜையில படுப்பேன்” என்று போனில் சொல்லியிருந்தாள். எடுத்த அடியை ரௌஷன் அப்படியே முன்னால் வைத்தாள்.

“நீ போகலையா?” தொப்பிக்காரர் முறைத்தார்.

“எ... எனக்கு ஒண்ணுதாங்க.”

அவர் இன்னும் கிட்டே வந்தார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிடிக்கப்போகிறார். அம்மா மேஜையில் படுக்கப்போவதில்லை.

சாவடி ஜன்னல் படாரென்று திறந்தது. “அடுத்து யாரு?” என்றது உள்ளிருந்து ஒரு தூக்கக் குரல்.

ரௌஷன் கண் திறந்தபோது தொப்பிக்காரர் அவளுக்கு முன்னால், வரிசையின் முதல் ஆளாய் ஜன்னலைப் பார்த்து நின்றிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கோப்பை லேசாகத் திறந்து காட்டி, மெல்ல அவள் பக்கம் தலையைச் சாய்த்தார்.

“தங்கச்சி, இந்த ஜன்னல்ல ரெண்டுல எதைக் காட்டணும்?”