நிறம் சேராத கதவு

அலுமாரியின் நான்கு கதவுகளில் மூன்று ஒரே நிறத்தில் மினுங்கின. நான்காவது மட்டும் பிடிவாதம் பிடித்தது.

மட்டக்களப்பு வாவிக்கரையில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் ஹரல்ட், ஒரு கிழமையாக அந்தக் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினார். தேயிலைச் சாயம் சேர்த்தார். செங்கல் தூள்கூட ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தார். பூசுவதும், வெளியே கொண்டுபோய் நிறுத்திப் பார்ப்பதும், உச்சுக்கொட்டிவிட்டு உரஞ்சி எடுப்பதுமாகவே பொழுது போனது. டியூப்லைட்டுக்குச் சேர்ந்த நிறம், வெயிலைக் கண்டதும் சேரமாட்டேன் என்றது.

"இஞ்சேருங்க, இந்த ஒரு கதவுதான் நம்மளக் காட்டிக்குடுக்கப் போகுது," என்றார் மனைவி தெல்மா.

"வாய வைக்காத. மத்த மூண்டையும் பாரு, ஒரு தாய் பிள்ளையள் மாதிரி நிக்குது. இதுதான் ஒட்டுதில்ல."

"பேசாம உள்ளதச் சொல்லி வித்தா என்ன?"

"பழசும் புதுசும் கலந்தது எண்டு தெரிஞ்சா ஆர் வாங்குவான்? மாரிக்கு முன்னம் கூரைய மாத்தவேணும், தெரியும்தானே?"

தெல்மாவின் பயத்தில் நியாயம் இருந்தது. அலுமாரி வாங்க வருகிற சதீசன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒல்லாந்தர் காலத்துத் தளபாடங்களைத் தேடி வாங்கிக் கொழும்பு ஹோட்டல்களுக்கு விற்பவர். புதுப் பலகையைப் பழசென்று தலையில் கட்டப் பார்த்த ஒருவரைப் போன மாதம்தான் பொலிஸில் பிடித்துக் கொடுத்திருந்தார்.

சனிக்கிழமை காலையில் சதீசன் லொறியோடு வந்து இறங்கினார். தெல்மா நீட்டிய தேத்தண்ணியைக்கூடத் தொடவில்லை. போன் டோர்ச்சைப் போட்டுக்கொண்டு நேரே அலுமாரிக்குப் போனார்.

முதல் கதவைத் தட்டித் தலையாட்டினார். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் அதே தலையாட்டல். நான்காவதில் மூக்கை வைத்து முகர்ந்தார்.

தெல்மா கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கிள், என்ன இது?"

"எது தம்பி?"

"பொலிஷ் வாசமே இன்னும் போகல்ல. நிறமும் மத்ததுகளோட சேரல்ல. இந்தக் கதவு புதுசு. உண்மையச் சொல்லுங்க."

கதவைத் தொடாமலே விட்டிருக்கலாமே என்று ஹரல்டுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் நேரே பொலிஸ்தான். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

அதையே ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார் சதீசன்.

"வயசான ஆள், பாவம் எண்டு விடுறன். மத்த மூண்டும் அசல் ஒல்லாந்தர் சாமான், அதாலதான் தப்பினீங்க. விலையில கொஞ்சம் குறைச்சுத்தான் தருவன். இதக் கழட்டி நீங்களே வச்சிக்குங்க. என்னட்ட இனி இந்த விளையாட்டு வேணாம்."

"இல்ல தம்பி, இனி இல்ல." ஹரல்ட் அவசரமாகக் கதவைக் கழற்றத் தொடங்கினார்.

அலுமாரியை ஏற்றிய லொறி பாலத்துப் பக்கம் திரும்பி மறையும்வரை இருவரும் வாசலில் நின்று பார்த்தார்கள். பிறகு தெல்மா, சுவரில் சாய்த்து வைத்திருந்த கதவைத் துணியால் துடைத்தார். ஹரல்டுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

கறையான் தின்று மிஞ்சிய அந்த ஒரேயொரு ஒல்லாந்தர் காலக் கதவைப் பார்த்துத்தான், மற்ற மூன்று கதவுகளையும் முழு அலுமாரியையும் அவர் தன் கையாலேயே செய்திருந்தார்.