பேரிங் போன வண்டி

“முன் சக்கரத்துல பேரிங் போயிருச்சு மச்சான். இதை எடுத்துக்கிட்டு ரோட்டுல இறங்கினா, சக்கரம் தனியா ஓடும், நீங்க தனியா ஓடுவீங்க.”

வாசலில் ஜாக்கி மேல் நின்ற காரைக் காட்டி அவள் கணவன் சொன்னான். அவள் அண்ணனின் முகம் சிவந்தது. பின்னால் அண்ணி, இரண்டு பிள்ளைகள். கடற்கரைக்குப் போகிற குஷியில் பிள்ளைகள் தொப்பி வேறு மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

“நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு?” என்றான் அண்ணன்.

“நேத்து சாயங்காலத்துலேர்ந்துதான் சத்தம் கேட்குது.”

“நான் கேட்டா மட்டும் உங்க வண்டிக்குச் சீக்கு வந்துடும்! கொடுக்க மனசில்லைன்னா நேரா சொல்லுங்க மாப்பிள்ளை. தங்கச்சி வீடுன்னு உரிமையா வந்தேன் பாருங்க, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்!”

தெருவே திரும்பிப் பார்த்தது. அண்ணி கண்ணைத் துடைத்தபடி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடந்தாள். கணவனோ, “கடைக்குப் போயிட்டு வர்றேன்” என்று நழுவினான்.

அவள் காரின் அருகே போனாள். அந்தக் காரில் தினமும் வேலைக்குப் போகிறவளே அவள்தான். நேற்றும் போனாளே, ஒரு சத்தமும் இல்லையே?

சக்கரத்தை எப்படிச் சோதிப்பது என்று முன்பு கணவன்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்துப் பிடித்து ஆட்டினாள். துளியும் ஆட்டமில்லை. சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்தாள். கரகரப்பே இல்லை, பம்பரமாகச் சுற்றியது. சந்தேகத்துக்கு ஜாக்கியை மாற்றி அந்தப் பக்கமும் பார்த்தாள். அதிலும் ஒரு குறையும் கிடையாது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய்யே சொல்லத் தெரியாத மனுஷன் என்று ஊரெல்லாம் பெருமை அடித்திருக்கிறாளே! ஒரு நாள் வண்டி கொடுக்க மனம் வராமல், கூடப் பிறந்தவன் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தி இப்படி ஒரு நாடகமா?

கணவன் வரட்டும், அவனுக்கு இருக்கிறது. முதலில் அண்ணனைப் போனில் கூப்பிட்டாள்.

“அண்ணே, வண்டிக்கு ஒண்ணுமே இல்ல. நானே பார்த்துட்டேன். இந்த மனுஷன் வாய் கூசாமப் புளுகியிருக்கார். சாவி என்கிட்டதான் இருக்கு. திரும்பி வாங்க, யார் தடுக்கறான்னு நான் பார்க்கறேன்!”

“இரு, கொஞ்சம் தள்ளி வர்றேன்” என்று கிசுகிசுத்தான் அண்ணன்.

“அண்ணி காதுல விழக் கூடாது. போன வாரம் ஆபீஸ் வண்டியை ஓட்டிட்டு இருக்கும்போதே எனக்கு நினைவு தப்பிடுச்சும்மா. கண்ணைத் திறந்தா, வண்டி மரத்துல முட்டிக்கிட்டு நிக்குது. டெஸ்ட்டெல்லாம் முடியற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாதுன்னுட்டார் டாக்டர்.”

“ஐயோ, அண்ணே!”

“ஆபரேஷன் முடிஞ்சு அண்ணி இப்பத்தான் எழுந்து நடமாடறா. இதைக் கேட்டா தாங்க மாட்டா. கடற்கரைக்கு வேணாம்னு நானே சொன்னா, ஏன் எதுக்குன்னு குடைஞ்செடுத்துடுவா. அதான் காலையில மாப்பிள்ளைக்குப் போன் பண்ணி, ‘குடும்பத்தோட வந்து வண்டி கேட்பேன், எதையாவது சொல்லித் தட்டிக் கழிச்சிடுங்க’ன்னு கெஞ்சினேன்.”

“அதுக்காக அத்தனை பேர் முன்னால அவரை அப்படித் திட்டணுமா?”

“‘நல்லாத் திட்டுங்க மச்சான், அப்பத்தான் உங்க வீட்டுல நம்புவாங்க’ன்னு சொல்லிக் கொடுத்ததே அவர்தாம்மா. ‘உங்க தங்கச்சி என்னைக் கேவலமா நினைப்பா, நினைச்சுட்டுப் போகட்டும்’னுட்டார்.”