உள்ஓரத்துச் சேறு

மழை விட்ட மறுநாள். குதிரைப் பந்தயத் திடலைத் தோண்டியே பிழைக்கும் பெருச்சாளி, வெளிஓரம் ஓடும் சிவப்புக் குதிரைமேல் தன் வளையையே கீரியிடம் பந்தயம் கட்டியது; கீரி கட்டியது ஒரு நொண்டிக் குதிரைமேல். சிவப்பு ஜெயித்தால் கீரி ஒரு மழைக்காலம் பெருச்சாளியைத் தொடக்கூடாது.

“ஒண்ணு பத்தாது, ரெண்டு மழைக்காலம்” என்று எகிறியது பெருச்சாளி.

“அந்தச் சிவப்புல அப்படி என்னய்யா இருக்கு?” என்று சீண்டியது கீரி.

“யோவ், உள்ஓரம் முழங்கால் சேறு. வெளிஓரந்தான் கெட்டி. மண்ணைப் பத்தி எனக்கா சொல்லித் தர்றே?”

பெருச்சாளி போட்ட கத்தல் குதிரைகள் அத்தனைக்கும் கேட்டது. ஓட்டம் தொடங்கியதும் எல்லாம் வெளிஓரத்துக்கே பாய்ந்து, சிவப்பை நடுவில் நெருக்கி, முட்டிக்கொண்டு நின்றன. அங்கே இடம் கிடைக்காத கீரியின் நொண்டிக் குதிரை சேற்றில் தனியாக நடந்துவந்து ஜெயித்தது.

“மண்ணைப் பத்தி நான் சொன்னதுல தப்பு உண்டாய்யா?” என்றது பெருச்சாளி.

“ஒரு சொல் தப்பில்ல. வளையைக் காலி பண்ணிட்டுப் பேசு” என்றது கீரி.